படிவம் ஏழு

பொன்னரளிப்பாறை ஆசிரமத்தில் அம்மாவைப் பார்க்க ஒரு காலத்தில் செருப்பைக் கழற்றினால் போதும். செங்கோட்டுவேல் வந்து ஆறு மாதம் ஆனதும் செல்போனை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அதற்காக அவரை யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். நல்ல மனிதர். ஆட்சியர் அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அடுத்த வருடமே மனைவி கனகமணி காலமானார். ஒரே மகள், பெங்களூரில். நாமக்கல் வீட்டில் தனியாக எட்டு மாதம் இருந்து பார்த்தார். மூன்று நாள் தங்கிவிட்டு வரலாம் என்று மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தவர், நாலாம் நாளும் பையைக் கட்டவில்லை.

அம்மாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பெரியநாயகி என்று பெயர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு, தன் குருவிடம் வந்து சேர்ந்து, அவருக்குப் பின் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். செங்கோட்டுவேலைவிடப் பதின்மூன்று வயது இளையவர். ஆனாலும் முதல் நாள் பார்த்தபோதே இவர் வாயில் 'அம்மா' என்றுதான் வந்தது. அவர் இவரை 'ஐயா' என்பார்.

ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு வருடம் இருக்கலாம். வேலை செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். வருடம் முடிந்ததும் அம்மாவின் அனுமதி வாங்க வேண்டும். இருங்கள் என்றால் கடைசிவரை இருக்கலாம். போய் வாருங்கள் என்றால் கிளம்பிவிட வேண்டும்.

மூன்றாம் மாதம் ஒருநாள், காலைத் தியானம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் செங்கோட்டுவேல் உட்கார்ந்தே இருந்தார்.

"என்னங்கய்யா?"

"கண்ணை மூடினா ஆபீஸ் வருதுங்கம்மா."

"வரட்டுமே."

"வந்தா போக மாட்டீங்குதுங்க."

அது உண்மை. மூச்சைக் கவனி என்றால் அவருக்குக் கோந்து வாசம்தான் வந்தது. நாடா கட்டிய கோப்புகள், காற்றில் தாள் பறக்காமல் இருக்க வைத்த கூழாங்கல், கோப்புக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, "அண்ணா, இது அவசரமாமா" என்று மேலே ஒன்றை மட்டும் எடுத்துப் போடும் பியூன் மாரப்பன், நாலு மணி டீ, டீயோடு வரும் வம்பு. எல்லாம் வரிசை கட்டி வந்தன. அவருடைய நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக் கொடுத்திருந்த மடித்த அட்டைகூட நினைவுக்கு வந்தது. ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தபோது வராத அழுகை, இங்கே கண்ணை மூடினால் வந்தது.

"இதை விடறது எப்படிங்கம்மா?"

"எதுக்குங்க விடணும்? அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்களோ அதை இங்க பண்ணுங்க."

செங்கோட்டுவேலுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பத்து வயது குறைந்தாற்போல எழுந்தார்.

ஆசிரமம் சின்னதுதான். ஆனால் ஒரு கண் மருத்துவமனை, ஒரு மாணவியர் விடுதி, ஒரு மாட்டுக் கொட்டகை, தினம் முந்நூறு பேருக்குச் சாப்பாடு என்று அதற்கு வேலை பெரியது. கோரிக்கைகள் எல்லாம் துண்டுச் சீட்டில் வந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் விழும். அம்மா நேரம் கிடைத்தபோது எடுத்துப் பார்ப்பார். பாதிப் பேர் சீட்டை நம்பாமல் அவர் அறை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெரியவர் கண் அறுவைக்கு இரண்டு மாதம் நாள் பார்த்துக் காத்திருந்தார். கடைசியில் விசாரித்தால், அவருடைய சீட்டில்தான் சமையல்கட்டு ராமாயி அக்கா அடுப்புப் பற்றவைத்திருந்தார்.

செங்கோட்டுவேல் அந்த டப்பாவைக் கண்ணெடுத்துப் பார்க்க முடியாமல் தவித்தவர்.

பணியின் கடைசி நாலு வருடத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் காகிதம் போய் மின்கோப்பு வந்திருந்தது. கூட்டாளிகள் எல்லாம் கணினியைக் கண்டு விருப்ப ஓய்வு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஐம்பத்தாறு வயதில் இவர் அதைக் கற்றுக்கொண்டு, மற்றவர்களுக்குச் சொல்லித் தரும் பயிற்றுநராகவே ஆகிவிட்டார். அந்த ஞாபகத்தில், யாரோ ஒரு பக்தர் தந்த மென்பொருளை எடுத்துக்கொண்டு, இரண்டு மாதம் உட்கார்ந்து, ஆசிரமத்துக்கு ஏற்ற மாதிரி வளைத்தார். அதற்கு 'வழித்தடம்' என்று பெயரும் வைத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, வழித்தடம் நன்றாகவே ஓடியது. செல்போனில் படிவத்தைத் திறந்து, நிரப்பி, 'அனுப்பு' என்று அழுத்தினால் போதும். அது யார் யாரிடம் போக வேண்டுமோ அவரவரிடம் தானாகவே போகும். கண் சிகிச்சை என்றால் டாக்டர், பிறகு அலுவலகம், பிறகு அம்மா. யாரிடம் எத்தனை நாளாக நிற்கிறது என்பதைச் சிவப்பில் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மாதம் காத்திருந்த ஊரில் இரண்டே நாளில் அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டது. செங்கோட்டுவேல் அன்று ஒரு லட்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.

அம்மாவின் திரையில் மூன்றே பொத்தான்: ஏற்பு, மறுப்பு, திருப்பு. திருப்பினால் காரணம் சொல்ல வேண்டும். அம்மா எழுத்துத் தேடிச் சிரமப்பட வேண்டாம் என்று காரணங்களையும் இவரே எழுதி வைத்துவிட்டார். இணைப்பு குறைவு, கையொப்பம் இல்லை, விவரம் போதாது. ஒன்றைத் தொட்டால் முடிந்தது. மூன்று முறை திரும்பிய மனுவை வழித்தடம் தானாகவே முடித்துவிடும். இல்லாவிட்டால் ஆட்கள் காலத்துக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள் என்பது அவர் அனுபவம்.

ராமாயி அக்காவுக்கு மட்டும் வழித்தடம் பிடிக்கவில்லை.

"ஏனுங்ணா, அரிசி தீந்து போச்சு. ஓடிப் போய் அம்மாகிட்டச் சொல்றதை விட்டுப்போட்டு, உலையை வெச்சுட்டுப் படிவம் நிரப்பிட்டிருக்கறன். இது நல்லா இருக்குதா?"

"முந்தின நாளே நிரப்பணும் அம்மிணி."

"முந்தின நாள் அரிசி இருந்துச்சுங்களே."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்துவிட்டார். ஆனாலும் அந்த ஏச்சு தினமும் ஒரு தடவையாவது காதில் விழுந்தால்தான் அவருக்குப் பொழுது நகர்ந்தது.

ஒருநாள் மோர் ஊற்றிக்கொண்டே அம்மா கேட்டார்.

"இப்பல்லாம் வாசல்ல யாரையுமே காணமே, ஐயா?"

"கோப்பெல்லாம் நகர்ந்துட்டுதுங்கம்மா. யாரும் வர வேண்டியதில்லை."

"ஓ."

"ஒரு மனுகூட நிலுவை இல்லீங்க." அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார்.

வருடம் முடிந்தது. செங்கோட்டுவேலின் முறை வந்தது.

படிவங்கள் மொத்தம் ஒன்பது. அதில் ஏழாவது, நிரந்தரமாகத் தங்குவதற்கு. அதைக் கடைசியாகத்தான் வடிவமைத்தார். இருபத்து மூன்று கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் தன்னை நினைத்துக்கொண்டேதான் போட்டார். அந்தப் படிவத்தில் வரும் முதல் மனு தன்னுடையதாகவே இருக்கப்போகிறது என்பதில் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது.

திங்கட்கிழமை குளித்து, திருநீறு பூசி, அறையில் உட்கார்ந்து நிரப்பினார். பெயர், வயது, முன்பு பார்த்த பணி, உடல்நிலை, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர். பத்தொன்பதாம் கட்டத்தில், தங்க விரும்புவதற்கான காரணம். 'ஆன்மிக முன்னேற்றம்' என்று எழுதினார். அனுப்பு.

வியாழக்கிழமை திரும்பி வந்தது. விவரம் போதாது.

அவருக்கு முதலில் வந்தது வெட்கம். முப்பத்து மூன்று வருடம் மற்றவர்கள் மனுவில் குறை கண்டுபிடித்த ஆள். தன் மனுவை ஒழுங்காக அனுப்பத் தெரியவில்லையே என்று காது சூடானது. ஓய்வூதிய ஆணையின் நகல், டாக்டரிடம் வாங்கிய உடல் தகுதிச் சான்று இரண்டையும் இணைத்தார். மகளின் சம்மதமும் இருந்தால் நல்லது என்று தோன்றியது. அவளுக்கு ஓர் ஆட்சேபணையின்மைப் படிவத்தின் சுட்டியை அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று பதில் வந்துவிட்டது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு போன் அடித்துவிட்டுச் செய்திருக்கலாம் என்று அவருக்கு இருந்தது. இருந்தாலும் இணைத்தார். அனுப்பு.

மறுபடியும் திரும்பியது. விவரம் போதாது.

"போய்க் கேளுங்களேன்" என்றார் ராமாயி அக்கா. "இங்கிருந்து இருவது எட்டு வெச்சா அம்மா ரூமு."

"முறைன்னு ஒண்ணு இருக்குது அம்மிணி."

"அந்த முறையை வெச்சதே நீங்கதானுங்ளே?"

"அதனாலதான். வெச்சவனே தாண்டினா யார் மதிப்பா?"

"அது சரி" என்று அக்கா கரண்டியைத் தட்டினார். "உங்களையெல்லாம் பிரசவத்துக்குக்கூடப் படிவம் போட்டுத்தான் பெத்திருப்பாங்களாட்டம் இருக்குது."

அம்மாவை அவர் தினமும் இரண்டு வேளை பார்க்கத்தான் செய்தார். காலைத் தியானத்தில், மதியப் பந்தியில். ஆனால் நிலுவையில் இருக்கும் ஒரு கோப்பைப் பற்றி அதிகாரியை வழியில் நிறுத்திக் கேட்பது, அவர் வளர்ந்த அலுவலகத்தில் மரியாதைக் குறைவு. அன்று மதியம் அம்மா மோர்ச் சட்டியோடு அவர் இலையின் முன் ஒரு கணம் கூடுதலாக நின்றார்.

"என்னங்கய்யா, ஏதாச்சும் சொல்லணுங்களா?"

"இல்லீங்கம்மா. எல்லாம் அனுப்பியிருக்கறனுங்க."

"சரீங்க."

அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாமக்கல் வீட்டு வாசற்கதவின் பூட்டு நினைவுக்கு வந்தது. அதைத் திறந்து உள்ளே போவதை நினைத்து, இலையை மூடிவிட்டு எழுந்தார். அன்று பிற்பகலே பஸ் பிடித்து ஊருக்குப் போய், தெரிந்த தாசில்தாரிடம் நன்னடத்தைச் சான்று வாங்கினார். பணிப் பதிவேட்டின் நகல் எடுத்தார். தடுப்பூசிச் சான்றைக்கூட விடவில்லை. பதினோரு இணைப்பு. ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, வரிசை எண் கொடுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக மூன்றாம் முறை அனுப்பினார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செல்போன் சிணுங்கியது.

'தங்கள் மனு முடிக்கப்பட்டது. பதினைந்து நாட்களுக்குள் அறையை ஒப்படைக்கவும். இது தானியங்கிச் செய்தி. பதில் அனுப்ப வேண்டாம்.'

அவர் எழுதிய வாசகம்தான். சுருக்கமாக, மரியாதையாக இருக்க வேண்டும் என்று ஒரு மாலை முழுவதும் அடித்துத் திருத்தி எழுதியது. கடைசி வரியை மூன்று தடவை படித்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

பதினைந்து நாள் எதற்கு? இன்றைக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார். நாலு வேட்டி, நாலு சட்டை, கனகமணியின் படம். பை கால் மணி நேரத்தில் தயாராகிவிட்டது. அறையை ஒப்படைக்கும் எட்டாம் படிவத்தை நிரப்பி அனுப்பினார். அப்புறம்தான் உறைத்தது. அம்மாவிடம் விடைபெற வேண்டும். ஒன்பது படிவத்தில் அதற்கு ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அம்மா தரையில் உட்கார்ந்து, கண் மருத்துவமனைக்காகப் பஞ்சுத் துணியைச் சதுரமாக வெட்டி மடித்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார்.

"கிளம்பறனுங்கம்மா."

"ஏனுங்க?"

"மனு முடிஞ்சு போச்சுங்க."

"யாரு முடிச்சா?"

"வழித்தடம்ங்க. மூணு தடவை திரும்பினா அதுவே முடிச்சுக்கும்."

"தெரியுங்க. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

செங்கோட்டுவேலுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வருடமாக அந்த அறையில் அவர் குரல் உயர்ந்ததே இல்லை.

"அப்புறம் எதுக்குங்கம்மா திருப்புனீங்க? வேண்டாம்னா மறுப்புன்னு போட்டிருக்கலாமே? பதினோரு சான்று வெச்சிருக்கறன். தாசில்தார் கையெழுத்து இருக்குது. இதுக்கு மேல என்னங்க விவரம் வேணும்?"

"உக்காருங்க."

உட்கார்ந்தார். அம்மா ஒரு கற்றைத் துணியை அவர் பக்கம் தள்ளினார்.

"இதை நாலா மடிங்க."

மடித்தார். கை வேலையில் இறங்கியதும் மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது.

"உங்க ஆபீஸ்ல, ஒரு கோப்பைப் பூராப் படிச்சும் அதிகாரிக்கு விளங்கலைன்னா என்னங்க பண்ணுவாங்க?"

"பேசுகன்னு எழுதுவாங்க."

"அப்படின்னா?"

"ஓரத்துல பச்சை மையில எழுதிக் கீழ சுருக்கொப்பம் போடுவாங்க. பேசுக. அவ்வளவுதான். கோப்பு திரும்பி நம்ம மேசைக்கு வரும். அதை எடுத்துட்டு நாம நேர்ல போய் நிக்கணும்."

"போயிருக்கறீங்களா?"

செங்கோட்டுவேல் சிரித்துவிட்டார். பையும் பயணமும் ஒரு நிமிடம் மறந்துபோயிற்று.

"போயிருக்கறனாவா! முதல் தடவை பயந்துட்டேதானுங்க போனேன். தொண்ணூத்து மூணுல. எனக்கு முப்பது வயசு. அமலோற்பவம் மேடம்னு ஒருத்தங்க, ஆட்சியருக்கு நேர்முக உதவியாளர். அவங்க அறைக்குள்ள போறதுன்னா பெரிய பெரிய ஆளுங்களே சட்டைப் பித்தானைச் சரி பண்ணிக்குவாங்க."

"என்ன கோப்பு?"

"ஒரு சத்துணவு சமையல்காரம்மா. வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்தச் சொல்லி மனு. ரெண்டு வருஷம் பணி முடியலை, அதனால நிராகரிக்கலாம்னு குறிப்பு எழுதிட்டேன். விதிப்படி சரியான குறிப்புங்க. ஒரு எழுத்துத் தப்புக் கிடையாது. பேசுகன்னு வந்துட்டுது."

"போனீங்களா?"

"போனேன். கோப்பை விரிக்கப் போனேன். மூடி வைங்க, உக்காருங்க, வாயால சொல்லுங்கன்னாங்க."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். இந்தம்மா இன்ன ஊருங்க மேடம், பள்ளிக்கூடம் ஆத்துக்கு அந்தப் பக்கம்ங்க, தண்ணி வந்தா தாண்ட முடியாதுங்க, அன்னைக்குக் குழந்தைங்களுக்குச் சோறு இல்லீங்கன்னு சொல்லிட்டே போறேன். பாதியில எனக்கே வாய் நின்னு போச்சுங்கம்மா. அதெல்லாம் அந்தம்மா மனுவுலயே எழுதியிருந்துச்சு. நான் படிச்சுட்டுத்தான் நிராகரிக்கலாம்னு எழுதியிருக்கறன். வாயில வரப்பத்தான் காதுல விழுகுது."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"திட்டலைங்க. இப்பச் சொன்னதை எழுதிட்டு வாங்கன்னாங்க. அவ்வளவுதான்."

துணி மடிபட்டுக்கொண்டே இருந்தது. செங்கோட்டுவேலின் முகத்தில் ஒரு பழைய வெளிச்சம் வந்திருந்தது.

"அப்புறம் பயம் போயிடுச்சுங்க. மேடம் டீ சொல்லுவாங்க. கோப்பு அஞ்சு நிமிஷம்னா, அவங்க ஊர்க் கதை, அவங்க மாமியாரு, எம்பொண்ணு பள்ளிக்கூடம்னு பத்து நிமிஷம் ஓடும். திரும்பி வந்தா பிரிவுல எல்லாரும் சுத்திக்குவாங்க. மேடம் என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்கன்னு. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கனகமணிகிட்ட முதல்ல இருந்து சொல்லணும். அவ ஒரு வரி விட்டாலும் கண்டுபிடிச்சுடுவா." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொன்னா நீங்க சிரிக்கக் கூடாதுங்க."

"சொல்லுங்க."

"சில கோப்புல வேணும்னே ஒரு வரியை விளங்காத மாதிரி எழுதி வெப்பேனுங்க."

"எதுக்குங்க?"

"பேசுகன்னு வரட்டும்னுதான்."

அம்மா சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். சிரித்து முடிக்கையில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"முப்பத்து மூணு வருஷத்துல எத்தனை ஆயிரம் கோப்பு எழுதியிருப்பேன். ஒண்ணுகூட ஞாபகம் இல்லீங்கம்மா. அந்த அறைக்குள்ள போய்ப் போய் நின்னது ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்குது."

"வழித்தடத்துல அது எங்கீங்க?"

"எதுங்க?"

"பேசுக."

செங்கோட்டுவேலின் கை நின்றது.

"அது இல்லீங்க" என்றார் மெதுவாக. "மின்கோப்பு வந்தப்பவே எடுத்துட்டோம். பேசுக போட்டா ஒரு கோப்புக்கு ரெண்டு நாள் கூடப் போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க."

"யாரு கண்டுபிடிச்சா?"

"நாந்தானுங்க."

வெளியே மாட்டுக் கொட்டகைப் பக்கம் யாரோ வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. அறை வாசலில் ஒரு ஆள் இல்லை. அவர் வந்த புதிதில், இந்த நேரத்துக்கு அங்கே இருபது பேர் உட்கார்ந்து அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே கால் வைக்க இடம் இருக்காது.

"உங்க மனு வந்துச்சுங்கய்யா" என்றார் அம்மா. "பூராப் படிச்சேன். மூணு தடவையும் படிச்சேன். தடுப்பூசிச் சான்றைக்கூடப் படிச்சேன். எனக்கு ஒண்ணும் விளங்கலை. ஏற்பு, மறுப்பு, திருப்பு. நான் எதை அமுக்கறது?"

அவர் தலை கவிழ்ந்தது.

"அந்த மூணு காரணத்துல, விவரம் போதாதுங்கறதுதான் கொஞ்சம் கிட்ட வந்துச்சு. அதையே அமுக்குனேன். நீங்க வருவீங்கன்னு பார்த்தேன். சான்றுதான் வந்துட்டே இருந்துச்சு."

"பந்தியில கேட்டீங்களே அம்மா" என்றார் அவர். குரல் உள்ளே போய்விட்டது. "இல்லீங்கன்னுட்டனே."

"இப்பச் சொல்லுங்க."

செங்கோட்டுவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஆன்மிக முன்னேற்றம் கருதி, ஆசிரமத்தில் நிரந்தரமாகத் தங்க அனுமதி..."

அம்மா ஒரு துணியை எடுத்து மடித்தார். இன்னொன்றை எடுத்து மடித்தார். அவசரப்படவில்லை.

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கையில் இருந்த சதுரத் துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். பிறகு பேசியபோது அது அலுவலகத்துக் குரலாக இல்லை.

"கனகமணி போனதுக்கப்புறம் அந்த வீட்ல பேச்சே இல்லீங்கம்மா. பொண்ணு ஞாயித்துக்கிழமை கூப்பிடுவா. சாப்டியாப்பான்னு கேப்பா. சாப்டேன்னு சொல்லுவேன். முடிஞ்சுது. கடைசியில நான் கடிகாரத்துகிட்டப் பேச ஆரம்பிச்சுட்டேன். மணி என்னன்னு நானே கேட்டு நானே சொல்லிக்குவேன். ஒருநாள் பார்த்தா, மூணு நாளாச் சேர்ந்தாப்புல மனுஷங்க யார்கிட்டயும் நான் வாயே திறக்கலைன்னு தெரிஞ்சுது. அன்னைக்குத்தான் பயந்துட்டு இங்க வந்தேன்."

அம்மா மடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"தியானமெல்லாம் எனக்கு வரலீங்க. ஒரு வருஷமா வரலை. வந்த மாதிரி உக்காந்திருக்கறன். ஆனா காலையில எந்திரிச்சா நாலு பேர் குரல் கேக்குது பாருங்க. ராமாயி தினமும் என்னை ஏசுது பாருங்க. அது போதுங்க எனக்கு. அது இல்லாம மறுக்கா அந்தக் கதவைத் திறந்து உள்ள போக என்னால முடியாதுங்கம்மா." கை கூப்பினார். "நான் இங்கயே இருந்துக்கட்டுங்களா?"

அம்மா மடித்த துணிகளை அடுக்கி, மேலே கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார்.

"ஆன்மிக முன்னேற்றம் வேணும்னு யாரோ ஒருத்தர் மூணு தடவை எழுதியிருந்தாருங்கய்யா. அவரு யாருன்னே எனக்குத் தெரியலை. அதான் திருப்பி அனுப்பிட்டேன்" என்றார். "நீங்க இருங்க."